'நாட் ஃபீசிபிள்' என்று எழுதினவன்

1. ஒரு வார்த்தைதான் கூட

எழுபதுகளின் நடுவில் சங்கரன்கோவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். முதல் நாளே எனக்கு ஓர் ஆங்கில வார்த்தையைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். வேலையைக் கற்றுக்கொள்ள அதன் பிறகு நான்கு வருஷம் பிடித்தது. அதற்கு ஓர் உயிரும் போனது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அன்றைய நிலைமை தெரியாது. டெலிபோன் வேண்டும் என்று ஒருவர் மனுப் போட்டால், சூப்பர்வைசர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வழியில் போஸ்ட், அதாவது கம்பம், இருக்கிறதா, போஸ்டில் இன்னொரு ஜோடிக் கம்பி கட்ட இடம் இருக்கிறதா, எக்ஸ்சேஞ்ச் போர்டில் காலி இருக்கிறதா என்று பார்த்து வந்து ரிப்போர்ட் எழுத வேண்டும். கொடுக்க முடியும் என்றால் 'ஃபீசிபிள்'. முடியாது என்றால் 'நாட் ஃபீசிபிள்'. இதற்குப் பெயர் ஃபீசிபிலிட்டி ரிப்போர்ட்.

முதல் நாள் என் மேஜையில் ஒரு கட்டு மனுவை வைத்துவிட்டு எங்கள் மேலதிகாரி எதிரே உட்கார்ந்தார். எஸ்.டி.ஓ. என்று சொல்வோம். நல்ல மனிதர், வெற்றிலைப் பிரியர். யாரையும் ஒரு நாளும் திட்டியதில்லை.

"இந்தா பாரும்வே சண்முகம்" என்றார். "'ஃபீசிபிள்'னு எழுதினீர்னா போஸ்ட் கேக்கணும், கம்பி கேக்கணும், இன்டென்ட் போடணும், லைன்மேனைக் கூட்டிட்டு வெயில்ல அலையணும். 'நாட்'னு முன்னால ஒண்ணு சேத்தீர்னா ஒரு சோலியும் கெடையாது. ஒரு வார்த்தைதான் கூட."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

"நேர்ல போய்ப் பாக்காண்டாமா சார்?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அந்தா செவத்துல சார்ட் தொங்குதுல்லா."

ரூட் சார்ட் என்பது லைன் போகும் வழியைக் காட்டும் வரைபடம். எந்த ரோட்டில் எத்தனை போஸ்ட், ஒவ்வொரு போஸ்டிலும் எத்தனை கம்பி, எந்தக் கம்பி யாருக்குப் போகிறது என்று மசியில் கோடு போட்டு எழுதியிருக்கும். எனக்கு முன்னால் இருந்தவருக்கும் முன்னால் இருந்தவர் வரைந்தது. ஓரமெல்லாம் பழுப்பேறி, மேலநீலிதநல்லூர் ரோடு இருந்த மூலையைக் கரையான் தின்றிருந்தது. சார்ட்டைப் பார்த்தே அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது ரிப்போர்ட் எழுதினேன். ஒன்பதும் 'நாட் ஃபீசிபிள்'. வந்த அன்றைக்கே ஒன்பது ஃபைல் முடித்தவன் என்று ஆபீசில் எனக்கு நல்ல பெயர் வந்துவிட்டது.

2. ரூபி டீச்சர்

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிற ரோட்டில், பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். மானாவாரிப் பூமி. சோளம், பருத்தி, மிளகாய், ஆடு, அவ்வளவுதான். அந்த ஊரில் மிஷன் ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியை ரூபி டீச்சர். அவர் வீட்டு முன்னறைதான் ஊரின் கிளைத் தபாலாபீஸ். அவர் கணவர் பொன்னையா அதன் போஸ்ட்மாஸ்டர். காலையில் தபால், மற்ற நேரம் விவசாயம்.

நான் சேர்ந்த முதல் மாதமே, அந்தத் தபாலாபீசுக்கு ஒரு பொது டெலிபோன் வேண்டும் என்று ஊரே சேர்ந்து மனுப் போட்டிருந்தது. மூன்று பக்கத்துக்குக் கையெழுத்தும் கைநாட்டும். காரணம் என்ற இடத்தில் டீச்சர் தன் கையால் எழுதியிருந்தார்: 'பிரசவம், பாம்புக்கடி, தீ விபத்து ஆகியவற்றுக்கு உதவி கேட்க.'

சார்ட்டைப் பார்த்தேன். அந்த ரோட்டுப் போஸ்டில் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. மூன்று ஜோடி திருநெல்வேலிக்குப் போகும் டிரங்க் லைன், அதில் கைவைக்கக் கூடாது. நான்காவது ஜோடி அந்த ஊரைத் தாண்டி இரண்டு மைலில் இருந்த ஒரு பஞ்சு அரவை மில்லுக்குப் போகிறது. போஸ்ட் நிறைந்துவிட்டது. இன்னொரு ஜோடி கட்ட இடமில்லை. 'டெக்னிக்கலி நாட் ஃபீசிபிள்' என்று எழுதி அனுப்பினேன். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சர் ஆபீசுக்கே வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை, தோளில் துணிப்பை. நாற்காலியில் உட்காரச் சொன்னேன்.

"இதுக்கு என்ன சார் அர்த்தம்?"

"முடியாதுன்னு அர்த்தம் டீச்சர்."

"முடியாதுங்கதுக்கு இம்பாசிபிள்னு ஒரு வார்த்தை இருக்கே சார். நீங்க ஏன் இதைப் போட்டிருக்கீங்கன்னு டிக்ஷனரிய எடுத்துப் பாத்தேன்." பைக்குள் கைவிட்டு, அட்டை கிழிந்த ஒரு தடித்த அகராதியை எடுத்து மேஜையில் வைத்தார். அடையாளத்துக்கு ஒரு தபால் கார்டு சொருகியிருந்தது. "இது பிரெஞ்சுல இருந்து இங்கிலீஷுக்கு வந்த வார்த்தையாம். 'செய்'யிங்கதுக்கு அவங்க பாஷையில ஒரு சொல் இருக்கு, அதுல இருந்து பிறந்தது. அதுக்கும் மூலம் லத்தீன். ஃபாக்டரியும் ஃபாக்டும் அதே வேருலேருந்து வந்ததுதானாம். அப்போ ஃபீசிபிள்னா செய்யக்கூடியதுன்னு அர்த்தம்."

"ஆமா டீச்சர், அதேதான். செய்ய முடியாதுன்னு எழுதியிருக்கு."

"செஞ்சு பாக்க யாரு சார் வந்தா? எங்க ஊருக்கு ஒருத்தரும் வரலியே."

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து மேஜை கிளார்க் தலையைக் குனிந்துகொண்டார். குரலைக் கனமாக்கிக்கொண்டு டிரங்க் லைன், போஸ்ட் லோடு, கேரியர் என்று நாலு டெக்னிக்கல் வார்த்தையை எடுத்து விட்டேன். புரியாத வார்த்தையைச் சொல்லிவிட்டால் கேட்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பது எங்கள் ஆபீசில் எல்லோரும் அறிந்த வித்தை. அவர் எழுந்திருக்கவில்லை.

"கம்பி எங்க வாசலுக்கு மேலதான் சார் போவுது. நீங்க ஒரு தடவை வந்து நின்னு பாத்துட்டு முடியாதுன்னு சொல்லுங்க. நான் அப்புறம் கேக்க மாட்டேன்."

"வாரேன் டீச்சர். அடுத்த வாரம் கண்டிப்பா வாரேன்."

போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை, அடுத்த வருஷமும் போகவில்லை. என் மனைவியின் ஊர் திருநெல்வேலி. மாதம் இரண்டு முறையாவது அந்த ரோட்டில்தான் பஸ்ஸில் போய்வந்தேன். ஜன்னல் ஓரத்து சீட்டில் உட்கார்ந்து, அந்த ஊர் வரும்போது மனசு லேசாக உறுத்தும். மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். இரண்டாவது மனு வந்தது. முதல் பதிலையே திரும்ப டைப் அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

3. டாக்சி ஸ்டாண்டுக்குக் கொடுத்த கனெக்ஷன்

நான் சேர்ந்து நான்காம் வருஷம் மாசி மாதம். அன்றைக்கு ஒரு ஆபரேட்டர் லீவு. கையால் கனெக்ஷன் கொடுக்கும் போர்டில் நானே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் நாலரை மணி இருக்கும். டவுனில் வேறெங்கும் கிடைக்காத பாம்புக்கடி மருந்தை வைத்திருந்த ஒரு தனியார் டாக்டர் வீட்டிலிருந்து அழைப்பு. பேசியது கம்பவுண்டர்.

"சார், டாக்சி ஸ்டாண்டு குடுங்க, சீக்கிரம். பாம்புக்கடி கேஸ். டாக்டர் ராயகிரியில ஒரு துட்டி வீட்டுக்குப் போயிட்டாவ. பாளையங்கோட்டைக்குக் கொண்டு போவணும்."

உடனே கனெக்ஷன் கொடுத்தேன். ஸ்டாண்டில் கார் இல்லை என்றார்கள். அரை மணி கழித்து ஒரு பிளஷர் கார் கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். நம்மால் ஆனதைச் செய்தோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். ஆமாம், திருப்தியோடுதான் போனேன். அதை மறைத்து எழுதுவதில் பிரயோஜனம் இல்லை.

மறுநாள் காலையில் லைன்மேன் சுடலைமுத்து வந்து விஷயத்தைச் சொன்னார். அந்த ரோட்டு லைனைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்.

"சார், தபாலாபீஸ் பொன்னையா அண்ணாச்சி போயிட்டாவ. மத்தியானம் மாட்டுக்குத் தட்டை உருவப் படப்புல கைய விட்டிருக்காவ. நல்ல பாம்பு போட்டுட்டு."

மூன்று மணிக்குக் கடி. சோளத்தட்டைப் படப்பு வீட்டுக்குப் பின்னால்தான். அந்த டாக்டர் அதே ஊர்க்காரர்கள் இரண்டு பேரை முன்பு பிழைக்க வைத்தவர், அதனால் யாருக்கும் வேறு யோசனையே வரவில்லை. மிளகாய் மூட்டை ஏற்றி வந்த ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தி, மேற்கே சங்கரன்கோவிலுக்குக் கொண்டுவந்தார்கள். பத்துப் பன்னிரண்டு மைல். வந்தால் டாக்டர் இல்லை. மருந்து பீரோவின் சாவியும் அவரிடம். அங்கே கார் கிடைக்காமல் அரை மணி. பிறகு கார் கிடைத்து, வந்த வழியே திரும்பி, கிழக்கே பாளையங்கோட்டைக்கு. அந்த வழியில் அவருடைய சொந்த ஊரையே தாண்டித்தான் போக வேண்டும்.

"வீட்டு வாசல் வரும்போது கார நிறுத்தவா டீச்சர்னு டிரைவர் கேட்டிருக்கான். நிறுத்தாத, போன்னு டீச்சர் சொல்லியிருக்காவ. அண்ணாச்சிக்கு அப்பமே இமை தூக்க முடியல. மானூர் தாண்டல சார்."

கணக்கை நானே போட்டேன். அந்த முன்னறையில் ஒரு போன் இருந்திருந்தால், கடிபட்ட ஐந்தாம் நிமிஷம் டாக்டர் வீட்டுக்குப் பேசியிருப்பார்கள். டாக்டர் இல்லை என்று தெரிந்திருக்கும். அந்த லாரிக்குப் பதிலாக எதிர்த்திசையில் வந்த முதல் வண்டியை நிறுத்தி நேரே கிழக்கே போயிருப்பார்கள். இரண்டு மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

'பாம்புக்கடி' என்று அந்த மனுவில் எழுதியே இருந்தது. நான் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

4. எட்டுக் கம்பி

அடக்கத்துக்குப் போனேன். சுடலைமுத்துவும் கூட வந்தார். நான்கு வருஷத்தில் அந்த ஊரில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியது அன்றைக்குத்தான். வீட்டு முன்னால் பந்தல் போட்டு, இடம் போதாமல் ரோட்டோரம் வரை பெஞ்சு போட்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்த இடம் டெலிபோன் போஸ்டின் அடியில். சர்ச் ஐயர் ஜெபம் செய்துகொண்டிருந்தார். எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். டீச்சரின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் நான் மேலே பார்த்தேன்.

எட்டுக் கம்பி. ஆறு கம்பி இழுத்துக் கட்டிய மாதிரி நேராக இருந்தது. ஓரத்து இரண்டு மட்டும் தொய்ந்து கிடந்தது. அடுத்த போஸ்டில் அதன் பீங்கான் குப்பி உடைந்து, கம்பி பிராக்கெட்டிலேயே உரசிக்கொண்டிருந்தது. துருப்பிடித்த இரும்புக் கம்பி. பேச்சு ஓடுகிற கம்பியை எந்த லைன்மேனும் அப்படி விட்டுவைக்க மாட்டான்.

ஜெபம் முடிந்ததும் சுடலைமுத்துவை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"அந்த ரெண்டும் என்ன கம்பி?"

"அது செத்த லைன் சார். பஞ்சு மில்லுக்குப் போனது. மில்லுதான் மூடியாச்சே. போனைத் திருப்பிக் குடுத்துட்டாவ."

"எப்போ?"

"நீங்க இங்க வரதுக்கு முந்துன வருஷம்."

மில் மூடியதும் போனை ஒப்படைத்த கடிதம் வேறொரு செக்ஷனுக்குப் போயிருக்கிறது. அங்கே ஃபைலில் தூங்கிவிட்டது. சார்ட்டில் யாரும் திருத்தவில்லை. சார்ட்டில் அந்த லைன் உயிரோடு இருந்ததால், கம்பியை அவிழ்க்க யாருக்கும் உத்தரவு போகவில்லை. செம்பு இல்லை, இரும்பு என்பதால் திருடனும் தொடவில்லை. சங்கரன்கோவிலிலிருந்து டீச்சர் வீட்டு வாசல் வரை ஒரு முழு ஜோடிக் கம்பி, நான் சேர்ந்த நாளிலிருந்தே, கேட்பாரில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மாதம் இரண்டு முறை நான் அதன் அடியில் பஸ்ஸில் போயிருக்கிறேன். தலையைத் தூக்கி எண்ணியிருந்தால் போதும்.

"இத ஏன்வே எங்கிட்ட சொல்லல?" என்று சுடலைமுத்துவிடம் பாய்ந்தேன். நியாயமில்லாத கோபம்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க கேக்கலியே சார். எங்கள யாரு கேக்கா? நீங்க சார்ட்டப் பாத்து எழுதுதிய. நாங்க போஸ்ட்ல ஏறிட்டுத் திரியுதோம்."

5. திருத்திய ரிப்போர்ட்

மறுநாள் எஸ்.டி.ஓ.விடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உடனே 'ஃபீசிபிள்'னு எழுதும். லைனையும் குடுத்துரலாம்" என்றார். "ஆனா பழைய ரிப்போர்ட்டப் பத்தி ஒரு வரிகூட எழுதாதேயும். தற்சமயம் ஒரு ஸ்பேர் பேர் கிடைத்துள்ளதுன்னு போடும். ஒரு ஜோடிக் கம்பி கிடைச்சது உண்மைதான?"

"ஒரு மனுசன் செத்துட்டான் சார்."

"அவன் பாம்பு கடிச்சு செத்தான்வே. ஒம்ம வேலைய நீரே கெடுத்துக்கிடாதேயும். பிள்ளகுட்டிக்காரன்."

நான் எழுதினேன். 'தற்சமயம் ஒரு ஸ்பேர் பேர் கிடைத்துள்ளது.' அவர் சொன்னபடியே எழுதினேன். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை எனக்கு. அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன், ஆனால் அன்றைக்கு அதுதான் என் கண் முன்னால் நின்றது.

வேலை ஒன்பது நாளில் முடிந்தது. ஏழு பீங்கான் குப்பி, கொஞ்சம் கட்டுக்கம்பி, போஸ்டிலிருந்து வீட்டுக்கு ஒரு இழுப்பு. அவ்வளவுதான் தேவைப்பட்டது. நான்கு வருஷமாகச் செய்ய முடியாத வேலை.

6. முதல் கால்

தபாலாபீசைக் கணவருக்குப் பதிலாக டீச்சரே பார்த்துக்கொள்ள ஏற்பாடாகியிருந்தது. கைப்பிடி சுற்றுகிற கறுப்புப் பெட்டி போன். நானே கொண்டுபோய் மாட்டினேன். புது போன் திறந்தால் மனுதாரர் முதல் கால் பேசுவார், மிட்டாய் கொடுப்பார். அது எங்கள் வழக்கம். அன்றைக்கு மிட்டாய் இல்லை. வாசலில் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சத்தமில்லாமல் நின்றார்கள்.

டீச்சர் ஜன்னல் வழியாக மேலே பார்த்தார்.

"புதுக் கம்பி ஒண்ணும் வரலியே சார்?"

எழுதி வைத்த பொய் ஒன்று ஃபைலில் இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம்.

"பழைய கம்பிதான் டீச்சர். மில்லுக்குப் போனது. சும்மா கெடந்தது."

"எத்தன நாளா?"

"நான் இங்க வரதுக்கு முன்னால இருந்து."

"நான் ஒங்க ஆபீசுக்கு வந்தேனே, அன்னைக்கும் கெடந்துதா?"

"கெடந்தது டீச்சர். நான் வந்து பாக்கல."

அடிப்பார், அழுவார், சாபம் இடுவார் என்று நின்றேன். எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் போன் பக்கத்தில் போய்க் கைப்பிடியைச் சுற்றி, ரிசீவரைக் காதில் வைத்து, டாக்டர் வீட்டு நம்பரைக் கேட்டார். பாதி நிமிஷத்தில் லைன் கிடைத்தது.

"டாக்டர் இருக்காங்களா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பது அந்தச் சின்ன அறையில் எனக்கும் கேட்டது. "இருக்காங்கம்மா. யாரு பேசுதீங்க? என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல" என்றார் டீச்சர். "இருக்காங்களான்னு கேட்டேன்." ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அதற்கடுத்த ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் சுடலைமுத்துவோடு சைக்கிளில் போனேன். சேர்ந்த நாளிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து நான் 'நாட் ஃபீசிபிள்' எழுதிய மற்ற ஒவ்வொரு ஊருக்கும் போய், போஸ்டின் அடியில் நின்று, கம்பியை எண்ணி, சார்ட்டைத் திருத்தினேன். மொத்தம் நாற்பத்து மூன்று ஊர். முப்பத்திரண்டு ஊரில் நான் எழுதியது சரி.

மிச்சம் பதினொரு ஊருக்கும் கனெக்ஷன் கொடுத்தேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய பாடம் சின்னதுதான்: போய்ப் பார்க்காமல் முடியாது என்று எழுதாதீர்கள். அந்தப் பதினொரு ஊரிலும் எல்லோரும் என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். போன் இல்லாத அந்த வருஷங்களில் உங்கள் ஊரில் என்ன நடந்தது என்று ஒரு ஊரில்கூட நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. இன்றைக்கும் பயமாகத்தான் இருக்கிறது.